மிஷின்பேட்டை லூர்துமேரி

திண்டிவனம் ரயில்வே கேட்டைத் தாண்டி வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் பேட்டை வரும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மிஷின் வந்த பிறகு அதை நம்பி வந்த குடும்பங்கள் சுற்றிலும் குடிசை போட்டு உண்டான இடம். அதனால் மிஷின்பேட்டை என்று பேர். எங்கள் தாத்தா பிரம்மதேசத்துப் பக்கமிருந்து வந்தவர். பக்கத்து வீட்டுக்காரர்கள் விக்கிரவாண்டியிலிருந்து வந்தவர்கள். சொந்தமாக நிலம் உள்ள ஒருத்தர்கூட இந்தப் பேட்டைக்குக் குடிவரவில்லை. மில்லும், மாதா கோயிலும், ஒரு கிணறும்தான் ஊர். டவுன்காரர்கள் எங்களைச் சேரி என்பார்கள், சேரியில் இருந்த சொந்தக்காரர்கள் எங்களை டவுன்காரர்கள் என்பார்கள். யார் எப்படிச் சொன்னாலும், "லூர்துமேரி இருந்த ஊர்" என்று சொல்லிக்கொள்ளத்தான் எங்களுக்குப் பிடிக்கும்.

நான் சொல்லப்போவது நடந்தபோது நான் பிறக்கவில்லை. என் அம்மா சவுரியம்மாள் அந்த மில்லில் வேலை செய்தவள். அவள் சொல்லியும், மற்றவர்கள் சொல்லியும் கேட்டதைத்தான் சொல்கிறேன். லூர்துமேரி எங்களுக்கு ரத்த சொந்தம் கிடையாது. ஆனாலும் பேட்டையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவள் அத்தை.

அத்தை ரங்கூனிலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம் திரும்பி வந்தாள். போகும்போது புருஷன் சின்னக்கண்ணுவோடு கப்பல் ஏறியவள், வரும்போது ஒரு தகரப்பெட்டியோடு தனியாக இறங்கினாள். தம்பி அந்தோணிசாமி வீட்டில் ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டு குடியிருந்தாள். பிள்ளை கிடையாது. நெட்டையான, எலும்பு தெரிகிற உடம்பு. மறுவாரமே மில்லில் முறத்தைக் கையில் எடுத்துவிட்டாள். ரங்கூனைப் பற்றி யார் கேட்டாலும், "அங்க மழை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் புடைத்துக்கொண்டே இருப்பாளாம். புருஷன் எப்படிச் செத்தார் என்று தம்பிக்குக்கூட அவள் சொன்னதில்லை.

மில்லில் மிஷினுக்குள் மல்லாட்டையைக் கொட்டுவது ஆண்கள். உடைந்து வருகிற தோலையும் தூசியையும் புடைத்துத் தள்ளி, முழுப் பருப்பு தனி, உடைந்தது தனி என்று பிரித்து மூட்டைக்கு அனுப்புவது பெண்கள். மூட்டைகள் ரயில் ஏறித் துறைமுகத்துக்குப் போகும், அங்கிருந்து கப்பலில் பிரான்சுக்கு. கார்த்திகையில் ஆரம்பித்தால் மாசி வரை மூச்சு விட நேரமில்லாத வேலை. கைக்குழந்தைக்காரிகள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்து, காயவைக்கும் களத்தின் ஓரத்தில் இருந்த வேப்பமரங்களில் புடவைத் தூளி கட்டிவிடுவார்கள். அழுதால் ஓடிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவார்கள். ரொம்ப வருஷமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

முப்பத்தெட்டாம் வருஷம் மில்முதலாளி தாண்டவராயன் அதை நிறுத்தச் சொன்னார். அவரைக் கெட்டவர் என்று என் அம்மாகூடச் சொன்னதில்லை. மாதா கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் எண்ணெய் அனுப்புகிறவர். ஆனால் சீசன் வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். துறைமுகத்து வியாபாரி ஒருத்தர் வந்து, களத்தில் பிள்ளைகள் அசிங்கம் பண்ணுகின்றன, சரக்கு கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டார். முதலாளி மேஸ்திரி பாண்டுரங்கனைப் பார்த்தார். பாண்டுரங்கனுக்கு அந்தப் பார்வையே உத்தரவு.

மறுநாள் காலையில் அவன் கத்தியோடு வந்து தூளிகளை ஒவ்வொன்றாக அறுத்தான். பிள்ளைகளை முதலில் தூக்கி வெயிலில் கிடந்த சாக்குகளின் மேல் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டுத்தான் அறுத்தான். அதை அவன் பிற்பாடு பெரிய கருணை மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்தச் சாக்குகளில் ஒன்றின் மேல் கிடந்தது என் அக்கா. அறுபட்ட புடவைகளில் ஒன்று என் அம்மாவுடையது. அவளிடம் இருந்ததே இரண்டுதான்.

ஏற்கெனவே இரண்டு தடவை கூலியைக் குறைத்திருந்தார்கள். அதையெல்லாம் பெண்கள் வாயைத் திறக்காமல் தாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கும் யாரும் சத்தம் போடவில்லை. லூர்துமேரி அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். களத்துக்குப் போய் அறுபட்ட துணிகளையெல்லாம் பொறுக்கி மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். என் அக்காவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மில் கேட்டைப் பார்த்து நடந்தாள். அவள் பின்னால் என் அம்மா போனாள், அம்மாவுக்குப் பின்னால் மற்றவர்கள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் மிஷினில் வேலை செய்த ஆண்களும், கடைசியாக இஞ்சின் ஓட்டுகிறவரும் வெளியே வந்துவிட்டார்கள். அதற்கு ஸ்டிரைக் என்று பேர் என்பதே மறுநாள் டவுனில் யாரோ சொல்லித்தான் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது.

முதலாளி இரண்டொரு நாளில் வந்துவிடுவார்கள் என்று பார்த்தார். யாரும் வரவில்லை. தூளி கட்ட இடம் வேண்டும், குறைத்த கூலியைப் பழையபடி தரவேண்டும் என்று அத்தை மில் கேட் வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தாள். களத்தில் மல்லாட்டை மலையாகக் குவிந்துகொண்டிருந்தது. பாண்டுரங்கன் ரயிலேறி வடக்கே போனான்.

அந்த வருஷம் கடப்பைப் பக்கம் மழையே இல்லை. ஒரு சாயங்காலம், பெட்டியும் சட்டியும் பிள்ளைகளுமாக ஒரு கூட்டம் ரயிலிலிருந்து இறங்கி, பாண்டுரங்கன் முன்னால் நடக்க, எங்கள் பேட்டை வழியாக மில்லுக்குள் போயிற்று. தெலுங்குக்காரர்கள். சாப்பிட்டுப் பல நாளான முகங்கள். அவர்களுக்கென்று மில் மதிலை ஒட்டி ஓலைக் கொட்டகை ஒன்று போட்டிருந்தார்கள். எங்கள் சனங்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். அடுப்பு எரியாத வீடுகள் அப்போதே பேட்டையில் நாலைந்து இருந்தன. இனி நம் வேலை நமக்குக் கிடையாது என்பது பார்த்த உடனே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

மில்லின் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது இஞ்சின்தான். இஞ்சின் ஓட்ட ஆளில்லாததால் தொட்டி வறண்டு கிடந்தது. மறுநாள் காலையில் கொட்டகைப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு எங்கள் கிணற்றுக்கு வந்தார்கள். அந்தோணிசாமி நாலு ஆண்களோடு கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். போங்கள் என்று கையைக் காட்டினார். முன்னால் வந்த பெண்ணுக்குப் பாஷை புரியவில்லை. அவள் கயிற்றில் கையை வைத்தாள். அந்தோணிசாமி குடத்தைப் பிடுங்கிக் கிணற்றுக் கல்லில் அடித்தார். மண்குடம் தூள்தூளாகப் போயிற்று. அந்தப் பெண் அழவில்லை. ஓட்டுத் துண்டுகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் இடுப்பில் ஒரு பிள்ளை காய்ச்சலில் வாடிக்கிடந்தது.

சத்தம் கேட்டு லூர்துமேரி அத்தை வந்தாள். வந்தவள் நேராக அந்தப் பெண்ணிடம் போய்ப் பேச ஆரம்பித்தாள். தெலுங்கில். தட்டுத்தடுமாறாத தெலுங்கு. கிணற்றடியில் நின்ற எங்கள் ஆட்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எட்டு வருஷமாக ஒரே தெருவில் இருக்கிறவள், இவளுக்கு இப்படி ஒரு பாஷை தெரியும் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

அந்தப் பெண்ணின் பேர் ஓபுலம்மா. அத்தை தன் குடத்தில் தண்ணீர் இறைத்து அவளிடம் நீட்டினாள். அதற்குள் கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர் முன்னால் வந்து, இது யாருடைய கிணறு என்று கேட்டார். ஊரில் கொஞ்சம் நிலம் வைத்து உழுதவராம் அவர். அத்தை அதை மறைக்கவில்லை. இது சேரிக் கிணறு, நாங்கள் மாதா கோயில் சனங்கள், குடிப்பதும் குடிக்காததும் உங்கள் இஷ்டம் என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். பெரியவர் திரும்பிக்கொண்டார். சில பெண்கள் குடத்தைக் கீழே வைக்கத் தயங்கினார்கள். ஓபுலம்மா தண்ணீரை வாங்கி முதலில் பிள்ளைக்குப் புகட்டிவிட்டுத் தானும் குடித்தாள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். பெரியவர் மட்டும் அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு பல வருஷம் எங்கள் பேட்டையிலேயே இருந்தும், சாகும் வரை தூரத்துக் குளத்துக்குத்தான் போனார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

அன்றைக்கு மத்தியானம் மாதா கோயில் முன்னால் பேட்டை கூடியது. எல்லோருக்கும் அத்தையின் மேல்தான் கோபம். வேலையை நிறுத்த முதலில் கிளம்பியவளே, நம் கஞ்சியைப் பறிக்க வந்தவர்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கிறாளே என்று கேட்டார்கள். அந்தோணிசாமி எழுந்து, பேசிப் பிரயோஜனமில்லை, அந்தி சாய்ந்ததும் கொட்டகைக்கு ஒரு கொள்ளி வைத்தால் ஜல்தியாக ஊரைப் பார்த்து ஓடிவிடுவார்கள் என்றார். ஆமாம் என்று பல பேர் தலையாட்டினார்கள். என் அம்மாவும் தலையாட்டியிருக்கிறாள். அதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அப்போதுதான் அத்தை முதல்முறையாக ரங்கூனைப் பற்றிப் பேசினாள்.

"அங்க நாங்கதான் பொழைக்க வந்தவங்க" என்றாள். "நாங்க இருந்த லைன் வூட்ல பாதிப் பேரு தெலுங்கு ஆளுங்க, கப்பல்ல மூட்ட தூக்கறவங்க. கூலி போதலன்னு அவங்க வேலைய நிறுத்தனாங்க. கம்பெனிக்காரன் பர்மாக்காரங்கள இட்டாந்து மூட்டய தூக்க வச்சான். அப்பறம் எங்க ஆளுங்களோட சமாதானம் பேசிட்டு, பர்மாக்காரங்கள வெளிய போங்கடான்னுட்டான். அவங்களுக்குக் கம்பெனிக்காரன் மேல கோவம் வர்ல. எங்க மேல வந்துச்சி. என் வூட்டுக்காரரு மூட்ட தூக்கறவருகூட கெடையாது, அரிசி மில்லுல வேல. வேல முடிஞ்சி நடந்து வந்துக்கினு இருந்தாரு. கருப்புத் தோலு, வேட்டி. அது போதுமா இருந்துச்சி அவங்களுக்கு."

அவள் குரல் ஏறவுமில்லை, உடையவுமில்லை என்று அம்மா சொல்வாள்.

"வெத்தலக்கட வச்சிருந்த பர்மாக்காரி ஒருத்தி என்ன உள்ள தள்ளி, கதவ சாத்தி, வாசப்படியில உக்காந்துக்கினா. கத்தியோட வந்தவங்க எல்லாம் அவ ஆளுங்கதான். உள்ள யாரும் இல்லன்னு அவ சொன்னா. அவளுக்கு நான் யாரு? ஒண்ணும் இல்ல." தம்பியின் பக்கம் திரும்பினாள். "அந்தோணி, தீ வெக்கறதா இருந்தா வையி. நான் அந்தக் கொட்டாயிலதான் இருப்பேன்."

சொன்னபடியே வீட்டுக்குப் போய்ப் பாயையும் ஒரு சட்டியையும் எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில் எல்லோரும் பார்க்க மில் மதிலோரம் நடந்து கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். அன்று அந்தியில் ஒருத்தரும் கொள்ளியைத் தொடவில்லை.

கொட்டகையில் இருந்தவர்கள் முதலில் அவளைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். ஓபுலம்மாதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விழுப்புரத்தில் ரயில்பாதை வேலை, பிள்ளைகளுக்கு வேளாவேளைக்குக் கஞ்சி என்று சொல்லித்தான் பாண்டுரங்கனின் ஆள் அவர்களைக் கூட்டி வந்திருந்தான். இங்கே மில் என்பதே வந்த பிறகுதான் தெரியும். வேலையை நிறுத்தியவர்கள் எதிர்த் தெருவில் பட்டினியாக இருக்கிறார்கள் என்பது அத்தை சொல்லித்தான் தெரியும். அறுத்த தூளிகளைப் பற்றி அத்தை சொன்னபோது ஓபுலம்மா மடியிலிருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாளாம். குடத்தை உடைத்தது யார் என்று கேட்டாள். என் தம்பி என்றாள் அத்தை.

மறுநாள் காலையில் பாண்டுரங்கன் வேலைக்குக் கூப்பிட்டபோது கொட்டகையிலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரைத் தொடாத அந்தப் பெரியவர்தான் எல்லோருக்குமாகப் பதில் சொன்னார். ரயில்பாதை வேலை இருந்தால் காட்டு, செய்கிறோம், இன்னொருத்தர் வேலையில் எங்களை உட்காரவைக்காதே என்றார். பாண்டுரங்கன் அவர்களுக்கு அளந்துகொண்டிருந்த கேப்பையை அன்றோடு நிறுத்தினான்.

இனி அவர்களும் பட்டினி. எங்கள் பேட்டையில் யாருக்கும் மிச்சம் என்று ஒன்று கிடையாது. என் அம்மா வீட்டிலிருந்த கேப்பை மாவைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, நீர்க்க ஒரு சட்டி கூழ் காய்ச்சி எடுத்துக்கொண்டு முதல் ஆளாகக் கொட்டகைக்குப் போனாள். அக்கா கிடந்த சாக்கை நினைத்துக்கொண்டு போனேன் என்பாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் போனார்கள். சாயங்காலம் அந்தோணிசாமி தன் வீட்டுக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து ஓபுலம்மா முன்னால் இறக்கிவைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனார். பித்தளைக் குடம், அவர் கல்யாணத்துக்கு வந்த சீர். அவர் பெண்சாதி அதற்கு ஒரு மாசம் அவரோடு பேசவில்லை.

ஓபுலம்மா இன்னொரு விஷயமும் சொன்னாள். இரண்டாவது கூட்டம் ஒன்று வருகிறது, தன் தங்கையும் அதில் இருக்கிறாள், காட்பாடியிலிருந்து வரும் வண்டியில் விழுப்புரத்தில் இறங்கி இங்கே வரும் வண்டிக்கு மாறுவார்கள் என்றாள். அந்தக் கூட்டமும் வந்துவிட்டால் முதலாளி இவர்களையும் தள்ளிவிட்டு அவர்களை வைத்துச் சீசனை முடித்துவிடுவார். இதை யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அத்தையும் ஓபுலம்மாவும் விழுப்புரத்துக்குக் கிளம்பினார்கள். அந்தோணிசாமி ஒரு பானை கூழைத் துணியால் கட்டித் தூக்கிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே கூட ஏறினார். மாதா கோயில் உண்டியலைத் திறந்துதான் சாமியார் டிக்கெட்டுக்குக் கொடுத்தார்.

விழுப்புரம் ஜங்ஷன் அந்தக் காலத்திலேயே பெரிசு. நாலு திக்கிலிருந்தும் வண்டி வரும். காட்பாடி வண்டி வந்து நின்றதும் பாண்டுரங்கன் அங்கே தயாராக இருந்தான், முதலாளியின் ஆட்கள் இரண்டு பேரோடு. அவன் முந்தின நாளே வந்துவிட்டான். பெட்டிகளிலிருந்து இறங்கியவர்களை மந்தையை ஓட்டுவது போல அடுத்த பிளாட்பாரத்துக்கு ஓட்டினார்கள். ஓபுலம்மா சாமான் தள்ளுகிற வண்டியின் மேல் ஏறி நின்று, தெரிந்த முகங்களைப் பார்த்துப் பேர் பேராகக் கூப்பிட்டாள். பாதிக் கூட்டம் நின்றுவிட்டது. தங்கை ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். ஓபுலம்மா சொல்ல வேண்டியதை அங்கேயே நின்று சொன்னாள். அது ரயில்பாதை வேலை இல்லை, அங்கே நம்மால் ஒரு ஊரே பட்டினி கிடக்கிறது, நாங்களும் வேலை செய்யவில்லை என்றாள்.

பாண்டுரங்கன் ரயில்வே போலீஸ்காரர் ஒருத்தரை அழைத்துவந்தான். கலகம் பண்ணுகிறார்கள் என்று அத்தையைக் காட்டினான். போலீஸ்காரர் அவளை மேலும் கீழும் பார்த்து, இங்கே என்ன வேலை என்று அதட்டினார்.

"சொந்தக்காரங்கள கூப்புட வந்தோங்க" என்றாள் அத்தை.

"இவ்ளோ பேருமா உனக்குச் சொந்தம்?"

"ஆமாங்க. இன்னும் கொஞ்சம் பேரு வண்டியிலேயே தூங்கிக்கினு இருக்காங்க. எழுப்பிட்டு வந்துட்றோம்."

சுற்றி நின்ற போர்ட்டர்கள் சிரித்துவிட்டார்கள். போலீஸ்காரருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிக்கெட் இருக்கிறவர்கள் எந்த வண்டியில் ஏறுவது என்பது அவர்கள் இஷ்டம், பிளாட்பாரத்தில் சண்டை போட்டால்தான் என் வேலை என்று பாண்டுரங்கனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூட்டம் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டது. திண்டிவனம் போகும் வண்டி வந்தது, நின்றது, போயிற்று. ஒருத்தரும் ஏறவில்லை. பாண்டுரங்கனும் அவன் ஆட்களும் மட்டும் அதில் ஏறிப் போனார்கள்.

வண்டியைப் போகவிட்ட பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. அந்தோணிசாமி கொண்டுவந்த கூழ் பிள்ளைகளுக்கே பற்றவில்லை. அவர்களை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று அவர் மெல்லக் கேட்டாராம். கேட்டது தப்பில்லை, ஊரில் இருந்த நிலைமை அப்படி. வா என்று சொல்லிவிட்டு அப்புறம் எப்படி விட்டுவிட்டுப் போவது என்றாள் அத்தை. டிக்கெட்டெல்லாம் பாண்டுரங்கனோடு போய்விட்டது. விழுப்புரத்துப் போர்ட்டர்கள் தங்கள் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வேளை சோறு போட்டார்கள். பிறகு எல்லோரும் டிரங்க் ரோட்டில் நடக்க ஆரம்பித்தார்கள். விக்கிரவாண்டியில் ஒரு சத்திரத்தில் தங்கி, மல்லாட்டைக் காட்டில் விட்டுப்போன காய்களைக் கிளறித் தின்றுகொண்டு, பிள்ளைகளை மாற்றி மாற்றித் தோளில் சுமந்துகொண்டு நடந்தார்கள்.

பேட்டைக்குள் அவர்கள் நுழைந்தபோது என் அம்மா ரயில்வே கேட்டருகில் நின்றாளாம். முன்னால் அத்தை, அவள் தோளில் யாருடையதோ ஒரு பிள்ளை. பக்கத்தில் ஓபுலம்மா. பின்னால் அந்தோணிசாமி ஒரு கிழவியை முதுகில் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு வருகிறார். கொட்டகைக்குத் தீ வைக்கச் சொன்ன அதே அந்தோணிசாமி. "அன்னிக்கிதாண்டா நம்ம பேட்டைய பாத்து எனக்கு ஒரு கர்வம் வந்துச்சி" என்று அம்மா என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று தெரியாது.

மாதா கோயில் முன்னால் கல்லைக் கூட்டி ஒரே அடுப்பாக மூட்டினார்கள். டவுன் கடைக்காரர்கள் சிலர் கேப்பை கொடுத்தார்கள். கிறிஸ்துமஸ் வருவதால் சாமியார் பால்பவுடருக்கு எழுதிப்போட்டு வரவழைத்தார். அது ஒன்றும் சந்தோஷமான காலமில்லை. கூழுக்கு வரிசையில் நிற்கும்போது சண்டை வந்தது, பாஷை புரியாமல் அடிதடிக்கும் போயிற்று. தெலுங்குப் பிள்ளை ஒன்று அம்மை கண்டு செத்துப்போனது. அதை எங்கள் கல்லறைத் தோட்டத்து மூலையில் புதைக்கச் சாமியார் சம்மதித்தார். ஆனால் ஒருத்தரும் மில்லுக்குள் போகவில்லை.

மார்கழி மழை மேகம் கட்டியபோது களத்தில் கிடந்த மல்லாட்டை முழுவதும் முளைவிட்டுவிடும் என்று முதலாளிக்குப் பயம் வந்துவிட்டது. அத்தையைக் கூப்பிட்டனுப்பினார். அவள் போகவில்லை. கடைசியில் அவரே குடையோடு மாதா கோயில் முன்னால் வந்து நின்றார். அவரை வாங்க என்று சொல்லி உட்காரப் பலகை போட்டார்கள். அதில் எங்கள் ஆட்கள் குறை வைக்கவில்லை.

தூளிக்கு வேப்பமரத்தடியில் ஒரு கொட்டகையே போட்டுத்தருகிறேன், குறைத்த கூலியைப் பழையபடி தருகிறேன், பாண்டுரங்கன் பெண்கள் பக்கமே வரமாட்டான் என்றார் அவர். எல்லோர் முகமும் மலர்ந்தது. ஆனால் வெளியூர்க்காரர்களை அனுப்பிவிடுகிறேன் என்றும் சேர்த்துச் சொன்னார். எங்களைச் சந்தோஷப்படுத்தத்தான் அதைச் சொன்னார்.

"அனுப்ப வேணாமுங்க" என்றாள் அத்தை. "இட்டாந்தது நீங்க. இருக்கணும்னு நெனைக்கறவங்களுக்கு எங்களுக்குக் குடுக்கற அதே கூலிய குடுத்து வேல குடுங்க. அவங்களுக்குக் கொறச்சிக் குடுத்தீங்கன்னா நாளைக்கு எங்களுக்கும் கொறைப்பீங்க."

முதலாளி அந்தோணிசாமியைப் பார்த்தார். வேறு பதில் வருமா என்று எதிர்பார்த்திருக்கலாம். "அக்கா சொல்றதுதாங்க" என்றார் அந்தோணிசாமி. மேலே கறுத்திருந்த மேகத்தைப் பார்த்துவிட்டு முதலாளி சம்மதித்தார். அன்றைக்கே இரண்டு பாஷைக்காரர்களுமாகக் களத்தில் இறங்கி, இருட்டுவதற்குள் மல்லாட்டையை அள்ளிக் கிடங்கில் சேர்த்துவிட்டார்கள். அப்படியும் ஒரு மூலையில் கிடந்தது நனைந்து முளைத்துப்போனது.

எல்லோருக்கும் வருஷம் முழுக்க வேலை இருக்கவில்லை. சீசன் முடிந்ததும் சில குடும்பங்கள் விழுப்புரத்தில் நிஜமாகவே ரயில்பாதை வேலை கிடைத்துப் போய்விட்டன. மறு வருஷம் மழை பெய்ததும் சிலர் கடப்பைக்கே திரும்பினார்கள். ஓபுலம்மாவும் அவள் தங்கையும் இன்னும் கொஞ்சம் பேரும் பேட்டையின் மேற்கே குடிசை போட்டுத் தங்கிவிட்டார்கள். கிணற்றில் யார் முன்னால் இறைப்பது என்று சண்டை வராத வாரம் கிடையாது. அத்தை இரண்டு பாஷையிலும் திட்டுவாள்.

யுத்தம் வந்து, பிரான்சு விழுந்ததும் கப்பல் நின்றது. மில்லும் நின்றது. இப்போது எங்கள் ஆட்களே ஊரை விட்டுப் போக வேண்டிய முறை வந்தது. உளுந்தூர்ப்பேட்டையில் பட்டாளத்துக்கு விமான மைதானம் போடுகிறார்கள், மண் சுமக்க ஆள் வேண்டும் என்று ஒரு கங்காணி வந்தான். அத்தையும் ஓபுலம்மாவும் பேட்டைப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போனார்கள். என் அம்மாவும் போனாள். அங்கே போய் இறங்கியதும் கங்காணி கூடையைக் கையில் கொடுத்தான். அத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முதலில் உள்ளூர்க்காரிகள் எங்கே என்று கேட்டாள். தூரத்தில் கூட்டமாக நின்று முறைத்துக்கொண்டிருந்தவர்களிடம் தானே நடந்து போனாள். உங்களுக்கு என்ன கூலி தருகிறேன் என்றிருக்கிறான், எங்களுக்குச் சொன்னது இவ்வளவு, உங்களுடையதைவிடக் குறைவென்றால் நாங்கள் கூடையைத் தொடவில்லை என்றாள். குறைவாகத்தான் இருந்தது. சாயங்காலத்துக்குள் கங்காணி இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கூலி பேசினான். ஒரு குடமும் நொறுங்கவில்லை, ஒரு மண்டையும் உடையவில்லை என்று அம்மா பெருமையாகச் சொல்வாள்.

யுத்தம் முடிந்து நாற்பத்தாறில் மில் மறுபடி திறந்தது. தாண்டவராயன் அதற்குள் காலமாகியிருந்தார். அவர் மகன் ஒரு மேனேஜரை வைத்திருந்தார், பேண்ட் போட்ட புதுப் பையன், ஆனால் மரியாதை தெரிந்தவன். வேலைக்கு ஆள் எடுப்பதற்கு முன்னால் லூர்துமேரி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ஆள் அனுப்பினான். அத்தை ஓபுலம்மாவையும் அழைத்துக்கொண்டு போனாள். அவன் எழுந்து நின்று, மேஜைக்கு எதிரில் இருந்த ஒரே நாற்காலியைக் காட்டி உட்காருங்கள் என்றான். அந்த ஆபீஸ் அறைக்குள் எங்கள் பேட்டைப் பெண் ஒருத்தி அதற்கு முன் நுழைந்ததே கிடையாது. ஓபுலம்மாவுக்கு அப்போது முழங்கால் வலி. அத்தை அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள் மேனேஜரிடம். "நீங்க சொல்றத நான் இவங்களுக்கும் தெலுங்குல சொல்லிக்கினே வர்றேன்."